கம்பிவலைக்கு இந்தப் பக்கம்

வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான், ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா என்று தேசம்மா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மனசுக்குள் என்பது அவள் நினைப்பு. அவள் தொண்டை வாகு அப்படி, முணுமுணுத்தாலே மூணு வீட்டுக்குக் கேட்கும். ஜெயில் வாசல் வரிசையில் முன்னால் நின்ற மகன் தணிகாசலம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், ஹெட்மாஸ்டராக இருந்து பழகிய பார்வை, வகுப்பில் சத்தம் போட்டவன் எவன் என்று தேடுகிற பார்வை. போடா, உன் பார்வையெல்லாம் உன் பசங்ககிட்ட வச்சுக்க. காலையில் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான், அவளும் "அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை வராது, போதுமா" என்று பண்ணிக் கொடுத்தாள், அப்புறமும் என்ன சந்தேகம். அவன் பயத்தையும் தப்பு சொல்ல முடியாது. ஒரே பெண் ஹேமாவுக்கு இடம் கூடி வந்திருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா அறிவழகன் பேங்கில் பெரிய உத்தியோகம், தங்கமான மனுஷன்தான், ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று தொங்குகிறது, அவருடைய அப்பா புலவர் மாசிலாமணி, அறுபத்தஞ்சாம் வருஷத்து மொழிப் போராட்டத்தில் பிடித்துக்கொண்டு போய் இந்த ஜெயிலில் போட்டார்களாம், படத்துக்குக் கீழே 'சிறை சென்ற செம்மல்' என்று தங்க எழுத்தில் எழுதியிருக்கிறது. இப்போது ஜெயிலை மூடிவிட்டார்கள். கைதிகளையெல்லாம் ஊருக்கு வெளியே புதுசாகக் கட்டின இடத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது, இடிப்பதற்கு முன்னால் ஜனங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சில நாள் திறந்துவிட்டிருக்கிறார்கள். "அப்பா இருந்த இடத்தை ரெண்டு குடும்பமும் சேர்ந்து பாத்துட்டு வந்துருவோம், நமக்கு அது கோயில் மாதிரி" என்று அறிவழகன் போன் பண்ணிக் கூப்பிட்டார். மருமகள் முட்டிவலி என்று நழுவிவிட்டாள், ஹேமாவுக்கு ஆபீஸ். தேசம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவளேதான் வெளுத்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் வந்து நின்றாள்.

வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் நீண்டு கிடந்தது. புதுப் படத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள், பாப்கார்ன் விற்கிறான், ஒருத்தி கைக்குழந்தைக்குத் தொப்பி மாட்டிப் போட்டோ எடுக்கிறாள். "மாமியார் வீட்டுக்குப் போறதுக்கு இவ்ளோ கூட்டமா" என்று அறிவழகன் சிரித்தார். அவர் மனைவி பூங்கோதை, காலையிலிருந்து நாலு வார்த்தை பேசியிருப்பாளோ என்னவோ, குடையைத் தேசம்மா தலைக்கு மேல் நகர்த்திப் பிடித்தாள். வேணாம்மா, எனக்கு இந்த வெயில் பழக்கம் என்று சொல்ல வந்து தேசம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார், இப்பவே வந்துவிட்டது. பழக்கமா, எப்படிப் பழக்கம் என்று கேட்டால் என்ன சொல்வது. சுவர் ஓரமாக நடந்தால் எந்த இடத்தில் நிழல் விழும், எந்த இடத்தில் சாக்கடை, எந்தக் கல்லில் உட்கார்ந்தால் வார்டர் கண்ணில் படாது, எல்லாம் காலுக்கே தெரியும், அவள் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினோரு வருஷம். பதினைஞ்சு நாளைக்கு ஒரு மனு, ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போவதற்கு மனு என்றுதான் பேர், காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, கூப்பிடுகிற வரைக்கும் நிற்பது. ஒரு மனு தப்பவிட்டதில்லை. காய்ச்சலில் போயிருக்கிறாள், நிறைமாசத்தில் போயிருக்கிறாள், ஊரடங்கு நாளில் தண்டவாளத்து வழியாக நடந்து போயிருக்கிறாள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யாரிடம். கோயிலுக்கு நடந்தே போனவள் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாள், கேட்கிறவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஜெயிலுக்கு நடந்தவள் பம்பாய் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆமாம், பம்பாய். தணிகாசலத்தின் அப்பா ஏகாம்பரம் அந்தப் பதினோரு வருஷமும் பம்பாயில் மில்லு வேலையில் இருந்தார் என்பதுதான் சம்பந்தி வீட்டுக்குச் சொன்ன கதை. பம்பாயில கடல் எந்தப் பக்கம்மா என்று அன்றைக்கு மாப்பிள்ளைப் பையன் கேட்டபோது வீட்டுக்கு முன்னாடிதான் தம்பி என்று சொல்லி வைத்தாள். "அப்பா இங்க மூணு வாரம் இருந்தார்" என்று அறிவழகன் பின்னால் நின்ற யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அந்த ஆளும் அப்படிங்களா என்று வாயைப் பிளந்தான். மூணு வாரமா. எங்க ஆளு இந்த ஜெயிலுக்குள்ள தாடி நரைச்சவன்யா. சொல்லவில்லை, சொல்லவில்லை, மனசுக்குள்தான்.

இப்படி நெஞ்சு நிமிரும்போதெல்லாம் பொன்னுரங்கம் வந்துவிடுவான். அதுதான் வாடிக்கை. செத்தவன்தான், ஆனாலும் மனசுக்குள் வந்து குறுக்கே நிற்பான். பொன்னுரங்கம் மார்க்கெட்டில் எடை போடுகிறவன், ஏகாம்பரம் வாழைக்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறவன், ரெண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள், ஒரு நாள் விடியற்காலை வண்டியை யார் முதலில் விடுவது என்கிற பேச்சில் ஏகாம்பரம் தள்ளினான், பொன்னுரங்கம் போய்க் கல்லில் விழுந்தான், எழுந்திருக்கவே இல்லை. தள்ளினதுதான். குத்தவில்லை, வெட்டவில்லை, தள்ளினான். ஆனால் ஏகாம்பரமே அப்படிச் சொல்லமாட்டான், ஒரு தரம் அவள் "தள்ளினதுக்கா இவ்ளோ தண்டனை" என்று கத்தினதற்கு, "செத்தவன் தள்ளினதுக்கா செத்தான்னு அவன் பொண்டாட்டி கேப்பாளே" என்று கம்பிவலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குக் கத்தினான். பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி பட்டம்மா. தேசம்மாவும் அவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், கேசுக்கு அப்புறம் தேசம்மா வேறு தெருக் குழாய்க்குப் போக ஆரம்பித்தாள். செய்தது தப்பு. தப்புக்கு உள்ளே போனான், போனதை ஓடாமல் ஒளியாமல் முடித்துவிட்டு வந்தான். அதற்குப் பெருமைப்படக் கூடாதா. படலாம் என்று ஒரு மனசு, பட்டம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுடி பார்க்கலாம் என்று ஒரு மனசு. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ரெண்டும் சக்களத்திகள் மாதிரி ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. வரிசை நகர்ந்தது. தேசம்மாவும் நகர்ந்தாள்.

பெரிய கதவு திறக்கவில்லை, அதில் இருக்கிற சின்ன திட்டிவாசல் வழியாகத்தான் குனிந்து போக வேண்டியிருந்தது, உள்ளே மேஜை போட்டு ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான், இளசு, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தேசம்மா குனிந்து நுழைந்தாள், நிமிர்ந்தாள், வலது கையை மணிக்கட்டு தெரிய அவன் முன்னால் நீட்டினாள். நீட்டின பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் மனு பார்க்க உள்ளே போகிறவர்கள் கையில் முத்திரை குத்துவார்கள், வெளியே வரும்போது முத்திரை இருக்கிற கை மட்டும்தான் வெளியே போகும், இல்லாவிட்டால் கைதி எவனாவது கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடுவானே. வேர்வையில் அது அழிந்துவிடுமோ என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பாள். "என்ன பாட்டி, காசு ஒண்ணும் கிடையாது, சும்மா போங்க" என்று போலீஸ்காரப் பையன் சிரித்தான். சும்மா போ. இந்த வாசலில் அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. கையை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். அறிவழகன் பார்த்தாரா. இல்லை, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகா பார்த்துவிட்டான். அவனுக்குத் தெரியும் அந்தக் கை எதற்கு நீண்டது என்று, அவனுக்கும் அந்த முத்திரை குத்தியிருக்கிறார்கள், சின்னக் கை, முத்திரை கை முழுக்க வரும், வீட்டுக்கு வந்ததும் செங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். பத்து வயசோடு நின்றுவிட்டான். பள்ளிக்கூடத்தில் எவனோ உங்கப்பன் களி துன்றான்டா என்று சொல்லிவிட்டானாம். வரமாட்டேன் என்றான், அவளும் சரி வராதே என்றாள், அன்றைக்கு நிறுத்தினவன்தான், அப்பா பேரை இன்று வரைக்கும் பிறத்தியார் முன்னால் வாயைத் திறந்து சொன்னதில்லை. அவர் செத்த அன்றைக்குப் பேப்பரில் போட்டானே, பம்பாய் மில் ஓய்வு என்று போட்டான். தேசம்மா அழுததில் பாதி அதற்குத்தான்.

உள்ளே முற்றத்தில் அறிவழகன் மேடை ஏறினவர் மாதிரி ஆகிவிட்டார். "வெள்ளைக்காரன் கட்டின கட்டடம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சுதந்திரம் கேட்டவனை இங்க போட்டான், அந்தமானுக்கு அனுப்பறவனை இங்க வச்சுக் கப்பல் ஏத்தினான். அப்புறம் நம்ம ஆட்சி வந்து, மொழி கேட்டவனையும் இங்கதான் போட்டாங்க. இந்தச் சுவர்ல தமிழனோட சரித்திரம் இருக்கு" என்றார், அறிமுகம் இல்லாத ரெண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். நல்லாத்தான் பேசறார் என்று தேசம்மா நினைத்தாள், பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தை மாசமும் மாசியும் வெளியே எப்படி இருந்தது என்று புலவர் மகனுக்குத் தெரியாதே. அத்தனை வருஷத்தில் காணாத கார்களெல்லாம் வந்து நின்றன, பட்டுப்புடவை கட்டின அம்மாக்கள், காலேஜ் பையன்களின் அம்மாக்கள், அவர்களுக்கு வார்டர் நாற்காலி கொண்டுவந்து போட்டான், எங்களுக்கு எந்தக் காலத்தில் போட்டான். உள்ளே இடம் கொள்ளவில்லை என்று சாதாரணக் கைதிகளின் மனுவை நிறுத்தி வைத்துவிட்டார்கள், தேசம்மா போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள், மறுபடி போய் நின்றுவிட்டுத் திரும்பினாள். ஏகாம்பரத்தை அதற்குச் சில மாசம் முன்னால்தான் சமையல் கட்டில் போட்டிருந்தார்கள், அடுத்த தரம் பார்த்தபோது தோளைத் தூக்க முடியவில்லை அவனுக்கு, "சோத்து அண்டாவ எறக்கி எறக்கிப் பூட்ச்சி, எத்தினி ஜனம்ன்ற, தெய்வமே" என்று கத்தினான், கத்தும்போது முகத்தில் ஒரு சந்தோஷம், அத்தனை பேருக்கும் ஆக்கிப்போட்டுவிட்டோம் என்று. கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி பீற்றிக்கொண்டான். இதெல்லாம் எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது. ஜெயிலைப் பார்க்க வந்தவர்களுக்குத் தூக்குமேடை எங்கே என்பதுதான் கேள்வி, எல்லாரும் அங்கேதான் ஓடுகிறார்கள்.

மனு கொட்டகை வழியில் வந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கால் ஒரு நிமிஷம் தரையில் ஒட்டிக்கொண்டது. நீளக் கொட்டகை, நடுவில் ரெண்டு கம்பிவலை, ரெண்டுக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கிற இடம், அதில் வார்டர் தடியோடு உலாத்துவான், அந்தப் பக்கம் கைதிகள், இந்தப் பக்கம் ஜனங்கள், நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும், ஆளாளுக்குக் கத்த வேண்டியதுதான். புருஷன் பேரைச் சொல்லாதவள் தேசம்மா. முதல் மனுவில் வார்டர் யாரைப் பாக்கணும் என்றதற்கு "தணிகாசலத்தோட அப்பாவ" என்றாள். "உள்ள தணிகாசலத்துக்கு அப்பன் நூறு பேர் கீறான், பேர் சொல்லும்மா" என்றான். அவள் தலையைக் குனிந்து, அந்த ஊர்ச் சாமி பேருதாங்க, காஞ்சிபுரத்துச் சாமி என்றெல்லாம் சுற்றி வளைத்துப் பார்த்தாள். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான். அந்த ஒரு மனு மட்டும் நின்ற இடத்தில் வாயைத் திறக்காமல் வீணாகப் போனது, அடுத்த தரம் வந்தாள், வலையைப் பிடித்தாள், ஏகாம்பரம் என்று ஒரு கத்து கத்தினாள், கொட்டகையே திரும்பியது. உயிர் போகிற மாதிரி வெட்கம், அதற்குப் பிறகு வெட்கமே இல்லை. எந்தப் பெண்டாட்டி இந்த ஊரில் தன் புருஷனை இத்தனை தரம், இத்தனை பேர் நடுவில், பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். குடும்பம் நடத்தினதே அந்த வலையைப் பிடித்துக்கொண்டுதான். வாடகை, வாழையிலை வியாபாரம், தணிகாவின் பரீட்சை, உன் அம்மா என்னைத் திட்டினாள், எல்லாம் கத்தல்தான், ஆசையாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும், நீ இல்லாம தூக்கம் வரல என்று அவள் கத்த, பக்கத்தில் நின்றவன் எனக்கும்தான் என்று கத்த, அந்தப் பக்கம் பத்துக் கைதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே ஒரு நாள்தான் கொட்டகையில் சத்தம் இல்லை. அவன் உள்ளே போனபோது வயிற்றில் இருந்த பெண், அலமேலு, மூணு வயசில் காய்ச்சலில் போனாள், அதையும் இங்கே வந்துதான் கத்திச் சொன்னாள், அலமேலு பூட்டாய்யா என்று. பக்கத்தில் நின்றவள் நிறுத்தினாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நிறுத்தினாள், அந்தப் பக்கமும் ஒவ்வொருத்தனாக அடங்கினான், வார்டர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்போதுதான் ஏகாம்பரத்தின் சொந்தக் குரலை அவள் கேட்டாள், மெல்லிசாக இருந்தது. "எப்போ" என்றான். "முந்தாநேத்து." "யாரு தூக்கினது?" "என் தம்பி." வலையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்புறம், "நீ எதுனா துன்னியா?" என்றான். அந்தக் குரலை நினைத்துக்கொண்டே நடந்தாளா, நின்றாளா தெரியாது, கூட்டம் தள்ளியதில் மற்றவர்கள் கைதிகள் பக்கம் போய்விட்டார்கள், அவள் கால் மட்டும் பழைய வழக்கப்படி ஜனங்கள் பக்கம் போய், கடைசித் தூணுக்கு அருகில் தன் இடத்தில் நின்றுகொண்டது. கை வலையைப் பிடித்துக்கொண்டது. ரெண்டு வலைக்கும் அந்தப் பக்கம் பிள்ளைகள் வலையை ஆட்டி விளையாடுகின்றன, ஒரே இரைச்சல், அந்த இரைச்சல் நடுவில் முன்மண்டை வழுக்கை விழுந்த, தோள் சரிந்த ஒரு ஆள் இவளைத் தேடிக்கொண்டு வந்து நின்றான். "ஏகாம்பரம்!" என்று தேசம்மா கத்தினாள். "துன்னியா? தோளு எப்டி கீது?"

கத்தி முடித்த பிறகுதான் அது தணிகா என்று தெரிந்தது. கொட்டகை அப்படியே நின்றுவிட்டது, யாரோ ஒருத்தன் செல்போனைத் தூக்கினான். சத்தியம் போச்சு, பேத்தி கல்யாணம் போச்சு, பாழாய்ப்போன தொண்டை, அறுத்துப் போட்டால் என்ன. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அறிவழகன் "யாரு ஏகாம்பரம்? சம்பந்தி, உங்கப்பா பேர்தானே அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், பத்திரிகை அடிக்க இனிஷியல் எல்லாம் போன வாரம்தான் வாங்கிப் போனார், மறக்குமா. "ஆமாங்க" என்றான் தணிகா. முகத்தில் வேர்வை. "அப்பா பம்பாயிலேர்ந்து லீவுல வர்றப்போ ஸ்டேஷன்ல இப்படித்தான் கூப்பிடுவாங்க. கூட்டத்தைப் பாத்தா அந்த ஞாபகம் வந்துடும் அம்மாவுக்கு." என்னமாய்ப் பொய் சொல்கிறான். அழகான பொய், கேட்டவர்கள் மனசு உருகிவிட்டது, அறிவழகன் "பாவம், வயசாச்சு இல்ல" என்று குரலைத் தாழ்த்தினார். எந்த ஸ்டேஷனில் கூப்பிட்டேன், எந்த ரயிலில் வந்தான் அவன். தப்பித்தோம் என்று மூச்சு விட வேண்டியவளுக்குக் கோபம்தான் வந்தது. விடுதலையாகி வந்த பிறகும் ஏகாம்பரம் வீட்டுக்குள் கத்தித்தான் பேசுவான், அவளும் கத்துவாள், உப்பு கொண்டா என்பதைத் தெரு முழுக்கக் கேட்கச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரிகள் தினம் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள், சண்டையா அது. அடிவயிற்றிலிருந்து வந்த குடித்தனம் அது. அதைப் போய் ஸ்டேஷன் என்கிறான். ஆனாலும் சத்தியம் சத்தியம்தான். மனு தப்பவிடாதவள் வாக்கும் தப்பவிடமாட்டாள். இனிமேல் தலையே போனாலும் ஒரு சொல் வராது என்று முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மாடிப் பிளாக்கில் புலவர் இருந்த அறையை அறிவழகன் கண்டுபிடித்துவிட்டார், இல்லை இதுதான் என்று வைத்துக்கொண்டார், எல்லா அறையும் ஒரே மாதிரிதானே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தேசம்மாவுக்குக் கண் கலங்கியது, அப்பனை இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற மகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவளும் செருப்பைக் கழற்றினாள். வெளியே வந்த அறிவழகன் கீழே எதிர்ப்பக்கம் தெரிந்த தாழ்வான கட்டடத்தைக் காட்டினார். "அங்கதான் மத்தவங்க. கொலைகாரன், திருடன். அப்பா சொல்வார், நாங்க கைதிங்க இல்ல, போராளிங்க, அவனுங்க நிழல்கூட எங்க மேல பட விடலன்னு. மூணு வாரமும் அப்படி ஒரு ஒழுக்கம்." தேசம்மா முந்தானையை இன்னும் இறுக்கிக் கடித்தாள். போகட்டும், புலவர் நல்லவர், தெரியாமல் சொன்னார், செத்தவரோடு என்ன சண்டை. பொன்னுரங்கம் மறுபடி வந்து குறுக்கே நின்றான், ஆமாம் கொலைகாரன்தானே என்றான், ஆமாம்ப்பா கொலைகாரன்தான், உனக்கு நான் இல்லைன்னு சொல்லவே மாட்டேன். ஆனால் எனக்கு அவன் அதுமட்டும் இல்லையே.

"சாப்பாடு?" என்று யாரோ கேட்டார்கள். தணிகாசலம்தான். கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாழ்ந்த கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சம்பந்தி?"

"உங்கப்பாவுக்கு இங்க சாப்பாடு யார் போட்டாங்கன்னு சொன்னாரா?"

"சாப்பாடா... கைதிங்கதான் ஆக்குவாங்க. ஏன்?"

"அந்த வருஷம் சமையல் கட்டுல எங்கப்பா இருந்தார்" என்றான் தணிகாசலம். குரல் பிசிறியது, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னான், வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி. "பம்பாய்ல இல்லைங்க. இங்கதான் இருந்தார். ஏகாம்பரம். அம்மா கூப்பிட்டது ஸ்டேஷன்ல இல்ல, அந்தக் கொட்டகையில."

முந்தானை வாயிலிருந்து நழுவியது. அவள் மகன், அவள் வயிற்றில் பிறந்தவன், பத்து வயசில் வாயை மூடினவன், அப்பன் பேரைச் சொன்னான். நாலு பேர் முன்னால் சொன்னான், தலை நிமிர்ந்து சொன்னான். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், ஹேமாவுக்கு வேறு மாப்பிள்ளை கிடைக்காமலா போவான், இந்த வார்த்தை கிடைக்குமா. ஜெயிலே என்னுடையது என்று தோன்றியது தேசம்மாவுக்கு, இந்தச் சுவர், இந்தக் கம்பி, இந்த மாடிப்படி எல்லாம்.

அறிவழகன் கீழே அந்தத் தாழ்ந்த கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பழக்க தோஷத்தில், அவருக்குத் தெரிந்த கேள்வியையே கேட்டார். "எத்தனை நாள் இருந்தார்?"

தணிகா அவளைப் பார்த்தான். "சொல்லும்மா" என்றான்.

"பதினோரு வருசம், தம்பி" என்றாள் தேசம்மா. கத்தவில்லை. கத்த வேண்டிய தூரத்தில் யாரும் இல்லை.

"என்ன கேஸ்?"

"கொல கேசு. பொன்னுரங்கம்னு ஒரு ஆளு. நல்ல ஆளு. எங்க வூட்டுக்காரு தள்ளி வுட்டதுல பூட்டாரு. அவரு சம்சாரம் பட்டம்மா, மூணு வருசம் முன்னாடிதான் தவறிச்சி." சொல்லி முடித்தபோது குறுக்கே யாரும் நிற்கவில்லை. அந்தப் பேரையும் இன்றைக்குத்தான் பிறத்தியார் முன்னால் சொல்கிறாள்.

அறிவழகன் செருப்பை மாட்டிக்கொண்டார், வலது இடது மாறிப்போய் மறுபடி கழற்றி மாட்டினார். வராந்தாவின் கோடிக்கு நடந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை நடக்குமா நடக்காதா என்பது அந்த முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பூங்கோதை மட்டும் அவர் பின்னால் போகவில்லை. தேசம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, கீழே தூரத்தில் தெரிந்த சுவரையும் அதற்கு அப்பால் ரோட்டையும் எட்டிப் பார்த்தாள். அந்த ரோட்டில் ஒரு கூரை இல்லை, ஒரு பந்தல் இல்லை, இப்போதும் இல்லை.

"மழை வந்தா எங்க நிப்பீங்கம்மா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, ஏகாம்பரம்கூடக் கேட்டதில்லை. "எங்க நிக்கிறது" என்றாள் தேசம்மா. "வரிசைய வுட்டா எடம் பூடும். நனைவோம்."

"நானும் நனைஞ்சிருக்கேங்க" என்றான் தணிகாசலம்.